பல்லைப் பற்றி மட்டும்

“டாக்டர் வந்துட்டார்!” என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்ததும், கேஷியர் சட்டைப் பையிலிருந்த பல்செட்டை எடுத்து, ஊதி, வாயில் மாட்டிக்கொண்டார். பல் டாக்டர் முன்னால் பொக்கை வாயோடு உட்காருவது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி.

நூலக மாடியில் வியாழன்தோறும் கூடும் முதியோர் கற்றல் வட்டத்துக்கு இன்று சோதனை நாள். சரியாகச் சொன்னால், அதன் செயலாளருக்கு. போன தடவை அவர் பிடித்து வந்த நட்சத்திர ஆராய்ச்சிக்காரர் வாயைத் திறந்ததுமே சபை தூங்கிவிட்டது. பாவம், பேசி முடித்துத் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டு, விளக்கையும் அணைத்துவிட்டுப் போனார் அந்த மனிதர்.

“இந்த வாரமும் சொதப்பினீங்கன்னா ஹால் சாவி கேஷியர்கிட்ட போயிடும்” என்று தலைவி சொல்லிவிட்டார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. சொன்னால் சொன்னதுதான். அந்தச் சாவி பையில் கனக்காவிட்டால் செயலாளருக்கு நடையே கோணிக்கொள்ளும்.

ஆகவே புதுச் சட்டம் போட்டார். விருந்தினர் உரையாற்றக் கூடாது. கேள்விக்குப் பதில் மட்டும். கேள்விகளை எல்லாரும் முன்கூட்டியே மனப்பாடம் செய்துவிட வேண்டும். அதே சூட்டில் இரண்டு பேருக்குப் போன் போட்டு, இந்த வியாழனுக்கு ஒருவர், அடுத்த வியாழனுக்கு ஒருவர் என்று பிடித்தும் வைத்தார். தேதி சொல்லும்போது மட்டும் அவருக்கு எப்போதும் கொஞ்சம் அவசரம்.

“வாங்க டாக்டர்!”

“ஐயையோ, டாக்டரெல்லாம் இல்லீங்க” என்று நெளிந்தார் வந்தவர். வெயிலில் கறுத்த முகம், நல்ல புஜம், கால்சட்டைப் பையை விட்டு வெளியே வராத இடது கை.

என்ன அடக்கம் என்று உருகிப்போனார் செயலாளர். “பல்லைப் பத்தி மட்டும்தான் கேப்பாங்க. தயாரா?”

“பல்லை மட்டுமா?” அவர் முகம் கொஞ்சம் வாடியது. “சரி, எங்க போனாலும் அதைத்தானே முதல்ல கேக்கறாங்க.”

மைக் வாங்க இடது கையும் வெளியே வந்தது. அதில் இரண்டு விரல் இல்லை. பல் ராவுகிற மிஷினில் மாட்டியிருக்கும் என்று நினைத்த மாத்திரத்தில், ஆறு மாதமாக வலிக்கும் தன் கடைவாய்ப் பல்லை நாக்கால் தடவிக்கொண்டார் செயலாளர்.

முதல் கேள்வி கேஷியருடையது. சாவி ஆசை குரலிலேயே தெரிந்தது. “விழுந்த பல்லு திரும்ப முளைக்குமா?”

“தாராளமா! ஒண்ணு விழுந்தா அடியில இன்னொண்ணு ரெடியா இருக்கும். வயசானாலும் முளைச்சுக்கிட்டேதான் இருக்கும்.”

கேஷியர் பல்செட்டைக் கழற்றி ஜன்னல் வழியாக வீசிவிட்டார். கீழே யாரோ “ஏய்!” என்று கத்தினார்கள்.

பின்வரிசையில் இருந்த தையல்கார அம்மா எழுந்தார். “ஒரு வாய் சாப்பாட்டை எத்தனை தடவை மெல்லணும் தம்பி?”

“மெல்றதே கிடையாதும்மா. அப்படியே முழுங்க வேண்டியதுதான். மத்ததை வயிறு பார்த்துக்கும்.”

“இதைத்தான்டி நான் என் மருமககிட்ட சொல்றேன்!” என்று பக்கத்தில் இருந்தவரின் தொடையில் அடித்தார் அம்மா.

“தினம் பல்லு விளக்கணுமா?”

“விளக்கி விடறது யாரு? வாயைத் திறந்துக்கிட்டு வெயில்ல கொஞ்ச நேரம் படுத்தா போதும்.”

சபை நாற்காலிகளை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டது. வெயில் பார்த்து வரிசையாக வாய்கள் பிளந்தன. விருந்தினர் முகம் வெளுத்து, மெல்ல நகர்ந்து சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார். கூச்ச சுபாவம் என்று குறித்துக்கொண்டார் செயலாளர்.

கடைசிக் கேள்வி தலைவியுடையது. “வாயைக் காட்ட மறுத்து முரண்டு பிடிச்சா என்ன செய்வீங்க?”

“கண்ணைத் துணியால கட்டிட்டு, நாலு பேர் முதுகு மேல ஏறி உட்கார்ந்துக்குவோம்.”

செயலாளரின் கை தன்னால் சாவியைத் தடவியது. போச்சு, இன்றோடு முடிந்தது.

“கரெக்ட்!” என்றார் தலைவி. “நாற்பது வருஷமா நான் சொல்றதும் இதுதான். கண்டிப்பு இல்லாம எதுவும் நடக்காது.”

கைதட்டலில் மைக்கே ஊளையிட்டது. ஒருவரும் தூங்கவில்லை. “சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று தலைவி இறங்கிப் போக, கேஷியர் பல்செட்டைத் தேடித் தெருவுக்கு ஓடினார்.

ஹாலில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். செயலாளர் கதவைச் சாத்தினார். மானத்தைக் காப்பாற்றிய மனிதர்; பல்லைக் காப்பாற்ற மாட்டாரா? “எல்லாரும் போயிட்டாங்க டாக்டர். இந்தக் கடைவாயை மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க” என்று கிட்டே போய் ‘ஆ’வென்று வாயைப் பிளந்தார்.

விருந்தினர் ஒரே தாவலில் மேஜை மேல் ஏறி நின்றார்.

“வாயை மூடுங்க சார்! முதலைப் பண்ணையில ரெண்டு விரல் போனதே போதும்!”