பனியில் நிற்காதே

மே மாத வெயிலில் பனி இளகியிருந்தது. கணவாய்க்கு ஏறும் சரிவில் செவ்வந்தியின் வலது கால் தொடைவரை உள்ளே இறங்கி, பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டது. கூட வந்தவர்கள் முகட்டைத் தாண்டிவிட்டார்கள். கத்திப் பார்த்தாள், பதில் இல்லை. வழிகாட்டியின் எண்ணுக்கு இணைப்பு கிடைக்கவில்லை. அப்போது ஊரிலிருந்து அம்மா அழைத்தாள்.

“எங்கடி இருக்க?”

“பனியில, ம்மா.”

“பனியில நிக்காதன்னு எத்தன தடவ சொல்றது? தலைக்குத் துண்டக் கட்டு. அப்புறம் லொக்கு லொக்குன்னு இருமாத.”

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அறிந்த பனி மார்கழி விடியலில் வாழையிலையிலிருந்து சொட்டுவது.

“கூட யாரு இருக்கா?”

மேலே ஏறிப்போன காலடித் தடங்கள் வெயிலில் அகன்று, யாருடையவை என்று தெரியாமல் உருகிக்கொண்டிருந்தன.

“எல்லாரும் இருக்காங்கம்மா” என்றாள். போனை வைத்துவிட்டு, முதுகுப்பையிலிருந்த சாப்பாட்டுத் தட்டால் காலைச் சுற்றித் தோண்டத் தொடங்கினாள்.