கயிறு கட்டிய கதவு

"இந்தப் படத்தையெல்லாம் அழிச்சுத் தொலை!"

மரச்சாமான் கடை முதலாளி போட்ட சத்தத்தில், கண்ணாடி வைத்த டிரெஸ்ஸிங் டேபிளுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டார்.

மகள் மட்டும் அசையவில்லை. கம்ப்யூட்டர் படித்தவள். தங்களுக்கு வேண்டிய அலமாரியை ஜனங்கள் வீட்டிலிருந்தே பிரவுசரில் விரலால் வரைந்து அனுப்பட்டும் என்று, கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தது அவள்தான். மாதக் கடைசிக்குள் ஓர் ஆர்டராவது வராவிட்டால் அதை இழுத்து மூடிவிட வேண்டும் என்பது அப்பா வைத்த கெடு. அந்த மாதக் கடைசி இன்றுதான்.

வந்ததெல்லாம் ஒரே ஆள் அனுப்பிய படங்கள். அதுவும் ஓர் ஓட்டை அலமாரி.

"ஆர்டர் கொடுக்கறவங்க புது அலமாரியை வரைவாங்க. இது உடைஞ்சதை வரையுது. நம்மளக் கிண்டல் பண்றாங்கம்மா!"

"வீட்ல எது இருக்கோ அதை வரையறாங்கப்பா. மாத்திக் கொடுங்கன்னு கேக்கறாங்க."

"யாருன்னு சொல்லு. போன் போட்டு நாலு கேள்வி கேக்கறேன்."

"பேரும் விலாசமும் டேட்டாபேஸ்ல தனியா பூட்டியிருக்கு. வர்ற படத்துல ஏதாவது விஷமம் ஒளிஞ்சிருக்கான்னு சோதிச்சுட்டுத்தான் அது சேர்த்தே வைக்கும். 'செஞ்சு தரோம்'னு பட்டனை அழுத்தினாத்தான் விலாசம் திறக்கும்."

"என் கடையில எனக்கே பூட்டா?"

"உங்களுக்குத்தான் பூட்டு. கோபம் வந்தா உடனே போனைத் தூக்கிடறீங்களே!"

வார்னிஷ்காரர் இருமுவதுபோல் சிரித்துக்கொண்டார்.

முதலாளி முணுமுணுத்தபடி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முதல் படத்தில் கதவு லேசாகத் தொங்கியது. அடுத்ததில் அதற்குக் கயிறு கட்டியிருந்தது. அதற்கப்புறம் கயிறும் அறுந்துபோய், குச்சிக் கை, குச்சிக் கால் வைத்த ஒரு பொம்பளை ஒரு கையால் கதவைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் தொழில்காரப் புத்தி சும்மா இருக்குமா? ரத்தம் கொதித்தது.

"இந்த வீட்டு ஆம்பளை என்னத்தைக் கிழிக்கறான்? ஒரு கீல் மாத்தத் துப்பில்லை! வேளாவேளைக்குத் தட்டு முன்னாடி மட்டும் டாண்ணு வந்து உட்கார்ந்துடுவான் போல. சமையல்கட்டை எட்டிப் பார்த்திருந்தாத்தானே தெரியும்!"

"நல்லாக் கேளுங்கப்பா."

"கேக்கத்தான் போறேன்! நானே என் கையால புது அலமாரி செஞ்சு, நானே கொண்டு போய் மாட்டி, அந்த ஆளை எதிர்ல நிக்க வச்சு, நறுக்குன்னு ரெண்டு வார்த்தை கேக்கலைன்னா பாரு. பாவம்மா அந்தப் பொம்பளை. எத்தனை நாளா இப்படி ஒத்தைக் கையால சமைக்குதோ!"

 

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் என்னைக்கும்மா பேச்சு மாறியிருக்கேன்?"

பட்டனை ஓங்கி அழுத்தினார். விலாசம் திறந்தது.

படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். தெரு, அவர் தினமும் நடக்கிற தெரு. கதவு எண், அவரே பலகையில் செதுக்கி வாசலில் மாட்டிய எண். பேர், அவர் பெண்டாட்டியின் பேர்.

"உங்கம்மாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சாம். வீட்ல சொன்னா 'ஆகட்டும், பார்க்கலாம்'ங்கறீங்க. வாடிக்கைக்காரங்க சொன்னாத்தான் உங்க காதுல ஏறுதாம்."

முதலாளி அந்தக் குச்சிக் கைப் பொம்பளைப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"ஆர்டர் வந்தாச்சுப்பா, வெப்சைட்டை மூட வேண்டாம். ஆமா, அந்த ஆளை எதிர்ல நிக்க வச்சு ரெண்டு வார்த்தை கேக்கணும்னீங்களே?"

 வார்னிஷ்காரர் டிரெஸ்ஸிங் டேபிளை மெதுவாக நகர்த்தி, கண்ணாடியை முதலாளி பக்கம் திருப்பி வைத்தார்.