வண்டிகள் நின்ற இடம்

தென்னாப்பிரிக்கப் புல்வெளி ஒன்றில் ஒரு தாய் மான், பிறந்து சில நாளே ஆன குட்டியைப் புல்லுக்குள் மறைத்துவைத்திருந்தது. சாலையில் போன சுற்றுலா ஜீப் ஒன்று நின்றது. "ஐயோ, அந்தக் கண்ணைப் பாரேன்!" என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். அதைப் பார்த்து இன்னொரு ஜீப் நின்றது. பிறகு வரிசையாக நின்றன.

மானின் முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த குருவி, "உன் பிள்ளைக்கு வந்த மவுசைப் பாருக்கா!" என்றது.

"வாயை மூடு. அவங்களைப் போகச் சொல்லு."

"நான் கத்தினா, பாடுறேன்னு என்னையும் படம் எடுப்பாங்க."

தொலைவில் பாறைமேல் படுத்திருந்த பெண் சிங்கம் எழுந்து வந்தது. தாய் மான் அதன் எதிரே குறுக்கும் நெடுக்கும் ஓடிப் பார்த்தது. சிங்கம் அதைத் திரும்பியும் பார்க்காமல் நேராகக் குட்டியிடம் போனது.

"அவ்வளவு தூரத்திலிருந்து குட்டி எப்படித் தெரிஞ்சுது?" என்று குருவி கேட்டது.

"குட்டி எங்கே தெரிஞ்சுது? வண்டிங்கதான் தெரிஞ்சுது," என்றது சிங்கம்.

முதல் ஜீப்பில் இருந்த பெண் அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரைவரிடம் சொன்னாள்:

"கொஞ்சம் முன்னாடி எடுங்க. புல் மறைக்குது."