புதுத் துரை

"அம்மா, பயமா இருக்கு. எங்க கம்பனிய வித்துட்டாங்க."

இணையத்தளங்களில் யார் எதைத் தொடுகிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் மென்பொருள் கம்பனி அது. பதுளையில் நான் சேர்ந்தே இரண்டு மாதம்தான்.

பாயை விரித்தபடி அம்மா சிரித்தாள். "நம்ம தேயிலத் தோட்டத்த எத்தன தடவ வித்தாங்க! துரைதான் மாறுவாரு. நீ தோட்டத்த விட்டுத் தப்பிச்சவன். ஒன்னய யாரும் விடியக்காலப் பெரட்டுல நிக்கவச்சுப் பேர் கூப்பிட மாட்டாங்க."

"இனி தெனமும் காலையில எல்லாரும் வரிசையா நிக்கணுமாம். பேர் கூப்பிட்டதும் அன்னைக்கு வேலையச் சொல்லணுமாம். ஸ்டாண்டப் மீட்டிங்காம்."

"அடேங்கப்பா! அமெரிக்காக்காரனா வாங்குனான்?"

"இல்லம்மா. நம்ம தோட்டத்துக் கம்பனி."

அம்மா விளக்கை அணைத்தாள்.

"படு தம்பி. காலையில பெரட்டுக்கு ஒன்னயும் எழுப்பிவிடுறேன்."