ஆறாவது விரல்

போர்வை விற்க வந்தவனின் சட்டைக் காலர் சுயம்புராஜின் பிடியில் இருந்தது.

நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து அஞ்சுகிராமத்தில் இறங்கிய சுபிதா டீச்சர் முதலில் பார்த்தது அதைத்தான். சுயம்புராஜின் உரக்கடை வாசலில் நல்ல கூட்டம். போர்வைகள் மண்ணில் மிதிபட்டுக் கிடந்தன. ஒருத்தன் கையில் மண்வெட்டிக் கணை, இரும்பு மாட்டாத வெறும் மரப்பிடி.

பிடிபட்டவன் வடக்கத்தி ஆள், இளந்தாரி. இந்தியில் என்னவோ கெஞ்சினான். அது யாருக்கும் புரியாததே அவன்மேல் இன்னொரு குற்றமாகிவிட்டது.

“பிள்ளை பிடிக்கவன் டீச்சர். வாட்ஸப்புல வந்திருக்கு, பாக்கலியா?” கூட்டத்தில் நின்ற மகேஷ்குமார் போனை நீட்டினான்.

போர்வை விற்பதுபோல் வருவான். இடது கையில் ஆறு விரல் இருக்கும். இனயம் ஊரில் ஒரு பிள்ளையைத் தூக்கிவிட்டான். உஷார்.

எந்தப் பிள்ளை என்று இல்லை. பார்த்தது யார் என்று இல்லை. எட்டாம் வகுப்புக்கு இந்த வருஷம் முழுக்க அவள் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். யார் பார்த்தது? எப்போது? உனக்கு யார் சொன்னது? பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். இந்தத் தடிமாடுகளுக்கு யார் பாடம் எடுப்பது?

சுபிதா கூட்டத்துக்குள் புகுந்தாள். அவனுடைய இடது கையைப் பிடித்து எல்லாரும் பார்க்கத் தூக்கினாள்.

“கண்ணு இருக்குல்ல, எண்ணிப் பாருங்க. அஞ்சுதான இருக்கு?”

கூட்டம் எண்ணிப் பார்த்தது. அப்பாடா என்று அவள் மூச்சுவிடுவதற்குள் பின்னாலிருந்து தாணு சொன்னான்.

“மாட்டிக்கிடுவோம்னு ஒண்ண வெட்டியிருப்பாம்லே.”

ஆமா, வெட்டியிருப்பான் என்றார்கள். ஒருவர் குனிந்து தழும்பைக்கூடத் தேடினார்.

அடப்பாவிகளா! வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது மண்வெட்டிக் கணை மேலே போய்விட்டது.

வேறு வழி தெரியாமல் பாடத்தையே கத்தினாள். “ஒனக்கு இத யாரு சொன்னா? மகேசு, ஒன்னத்தான்!”

“தாணு அனுப்பினான்.”

“எனக்கு சுயம்பண்ணன்” என்றான் தாணு.

எல்லாரும் சுயம்புராஜைப் பார்த்தார்கள். அவன் நெற்றி நாமம் வியர்வையில் கரைந்து வழிந்தது.

“நான்தான் டைப் பண்ணிப் போட்டேன். அதுக்கென்ன? எனக்க மவ சொன்னா. அவ கள்ளம் சொல்ல மாட்டா.”

அபிஷா கடைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு, முதல் பெஞ்சு. முகத்தில் ரத்தமே இல்லை.

“மக்கா, ஒனக்கு யாரு சொன்னா? எல்லாவனும் கேக்க மாதிரி சொல்லு.”

அபிஷா அப்பாவைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தாள்.

சுபிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அவள் கொடுத்த வீட்டுப்பாடம். வீட்டில் ஒரு பொய் சொல்லுங்கள். நம்பும்படியாக ஒரு சின்ன அடையாளம் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்று யாராவது கேட்டால், அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

கேட்காவிட்டால் என்ன செய்வது என்று அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

“நான்தான் சொல்லச் சொன்னேன்” என்றாள் சுபிதா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னாள். “அது பொய். பிள்ளைகளுக்கு நான் குடுத்த வீட்டுப்பாடம்.”

காலரைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. மண்வெட்டிக் கணை மட்டும் இன்னும் இறங்கவில்லை. அதைப் பிடித்திருந்தவன் இப்போது சுபிதாவைப் பார்த்தான்.

அபிஷா படியிறங்கி ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“யாராவது கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் டீச்சர். அப்பா கேக்கவே இல்ல, நீங்கதான் மொதல்ல கேட்டீங்க.”