குழாயின் அந்தப் பக்கம்

தொட்டிச் சுவரில் ஒரே திட்டில் வளர்ந்த இரண்டு பாசித் துணுக்குகள் ஒருநாள் பிய்ந்துபோய், கைகோத்தபடியே குழாய்க்குள் விழுந்தன. மூத்தவள் பேர் அல்லி, இளையவள் குறுணி.

குழாயின் நடுவில்தான் தண்ணீருக்கு வேகம் அதிகம். குறுணியின் நடுவைப் பார்த்த பக்கத்தை வேகமாகவும் சுவரைப் பார்த்த பக்கத்தை மெதுவாகவும் அது இழுத்ததில் அவள் சுழலத் தொடங்கினாள். சுழலச் சுழல ஓரத்துக்கு நகர்ந்தாள். அல்லியோ எதிர் ஓரத்துக்கு நகர்ந்தாள். கோத்திருந்த கை விட்டுப்போனது.

"அக்கா, சுவரைப் பிடிச்சுக்கிட்டே சுத்தி வந்துடறேன்!" என்று கத்தினாள் குறுணி. ஆனால் சுவரை நெருங்கியதும் அதை ஒட்டிய தண்ணீர் அவளைத் திருப்பித் தள்ளியது. சரி, குறுக்கே போய்விடலாம் என்று பார்த்தாள். நடுத்தண்ணீரும் அவளை ஏற்கவில்லை.

"விடுடி, களைச்சுப்போயிடுவே," என்றாள் அல்லி. "பேசுறது கேக்குதுல்ல? அது போதும்."

அப்படியே பேசிக்கொண்டு வெகுதூரம் போனார்கள். அல்லி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது குழாய் இரண்டாகப் பிரிந்தது. அவள் பக்கத்துத் தண்ணீர் இடப்பக்கம் திரும்பியது, குறுணியின் தண்ணீர் வலப்பக்கம். பாதி வார்த்தையோடு அல்லியின் குரல் நின்றுபோனது.

"அப்புறம் என்னக்கா?" என்று கேட்டாள் குறுணி. திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ரொம்ப நேரம் கழித்து, அதே குழாயின் எதிர் ஓரத்திலிருந்து பழக்கமில்லாத குரல் ஒன்று வந்தது.

"நான் உன் அக்கா இல்லம்மா. ஆனா நீ கேக்கறது எனக்குக் கேக்குது."

குறுணி குரல் வந்த பக்கம் திரும்பினாள். பிறகு மெல்ல, "நீங்க யாரைத் தொலைச்சீங்க?" என்று கேட்டாள்.