கிட்னிக்கு வேறு நிறுவனம்

கொஸ்லந்தையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசை போட்டிருக்கிறார்கள். ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்து கிடக்கிறது. கொழும்பிலிருந்து அரசாங்க ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் டாக்டர் நிவேதிகா, றீட்டாவின் கையிலிருந்து எடுத்த இரத்தத்தைக் குழாயில் அடைத்து மூடுகிறார். வாசலில் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தியபடி றீட்டா கேட்கிறாள்.

"போன வருசம் எங்க வீட்டுக்காரருக்கும் நீங்கதானே எடுத்தீங்க? அதுல ஒண்ணுமே தெரியலையாங்க?"

நிவேதிகா குழாயை மேசைமேல் இருக்கும் தாங்கியில் வைக்கிறார்.

"கிட்னி பழுதாகிறது தெரிஞ்சது. ஆனா எங்கட நிறுவனம் காய்ச்சலை மட்டுந்தான் பாக்கிறது. கிட்னிக்கு வேற நிறுவனம். அவையளுக்கு அறிக்கையை அனுப்பினனாங்கள்."

"எங்களுக்கு?"

டாக்டர் குனிந்து கையுறையைச் சரிசெய்கிறார்.

"கால் வீங்கினப்பவும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னுட்டாரு. ஏதாச்சும் இருந்தா டாக்டரம்மா சொல்லியிருப்பாங்கன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாருங்க."

றீட்டா எழுந்து, தாங்கியிலிருந்து தன் குழாயை எடுக்கிறாள். அது இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. நிவேதிகா கை நீட்டுகிறார், பிடுங்கவில்லை. குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு றீட்டா வரிசையைக் கடந்து வெயிலில் இறங்குகிறாள். முதலில் நிற்கும் பெண், சுருட்டிவிட்டிருந்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொள்கிறாள்.